திருகோணமலையில் ஐந்து இரவு: காற்றையும் வெயிலையும் பார்த்துத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே ஓர் இரவுதான் தங்குகிறார்கள். காலை பத்து மணிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மதியம் புறாமலைத் தீவு, அந்தி சாய்ந்தபின் அவசரமாகக் கோணேசர் கோயில், மறுநாள் விடிந்ததும் வண்டி. இந்த வரிசையில் போனால் மூன்றுமே வீணாகும். பத்து மணிக்குக் கன்னியாவில் கிணற்றை நெருங்க முடியாத கூட்டம் இருக்கும். மதியம் புறாமலையில் காற்று ஏறி நீர் கலங்கிவிடும். இருட்டியபின் கோணேசர் இருக்கும் சுவாமி மலையின் உச்சியில் நின்றால் கடலே கண்ணுக்குத் தெரியாது. இந்த ஊரை நான்கைந்து இரவு தங்கும் இடமாக வைத்துக்கொண்டு, காலைகளைக் கடலுக்கும் மாலைகளைக் கோயிலுக்கும் ஊருக்கும் கொடுத்தால்தான் ஊர் வசப்படும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மாதம்

இலங்கையின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் பருவம் நேர் எதிர். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையைக் கொழும்புப் பக்கமும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. இதைத்தான் இங்கே கச்சான் காற்று என்பார்கள். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை அடங்கியிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றில் எல்லாம் தலைகீழ். அக்டோபர் முதல் ஜனவரி வரையில்தான் ஆண்டு மழையின் பெரும்பங்கு இங்கே பெய்கிறது. கடல் கரையில் மோதும். சுற்றுலாப் படகுகள் நின்றுவிடும்.

இதைத் தெரியாமல் டிசம்பர் விடுமுறைக்கு அறை போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தென்மேற்குக் கரையிலுள்ள காலி நகரில் அப்போது கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், படங்களும் அழகாக வரும். அதே வாரத்தில் இங்கே நிலாவெளிக் கரையில் சிவப்புக் கொடிதான் பறக்கும்.

எங்கள் தேர்வு மே கடைசி வாரத்திலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஏப்ரலில் கடல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் புத்தாண்டு விடுமுறைக் கூட்டமும் பின்நேர இடிமழையும் உண்டு. ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்பதால் வாரக் கடைசிகளில் கொழும்பே இங்கு வந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் மழை விட்டிருந்தாலும் கடலின் கலங்கல் தெளிய நாளாகும். கோயில்களுக்கும் பழைய இடங்களுக்கும் மட்டும் வருகிறவர்களுக்கு அந்த மாதங்கள் இதமானவை. எந்த மாதமானாலும் நாட்காட்டியில் போயா தினத்தைப் பார்த்துவிடுங்கள். பௌர்ணமி விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் கூட்டம் உறுதி.

எந்தக் கரையில் தங்குவது

மூன்று இடங்கள்: நகரம், உப்புவெளி, நிலாவெளி.

நகரத்தில் தங்கினால் டச்சு விரிகுடா, சந்தை, கோணேசர், பத்திரகாளி அம்மன் கோயில், பஸ் நிலையம் எல்லாம் நடக்கும் தூரம். வயதானவர்களோடு வருகிறவர்களுக்கும் கோயிலை மையமாக வைத்து வருகிறவர்களுக்கும் இதுவே சரி. குளிப்பதற்கான கடல் என்று பார்த்தால் மற்ற இரண்டுக்கும் இது ஈடாகாது.

உப்புவெளி நகரத்துக்கு வடக்கே நான்கைந்து கிலோமீட்டர். சொந்த வாகனம் இல்லாதவர்கள் இங்கே தங்குவது நல்லது. கடல் காலடியில் இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு நடந்தே போகலாம், நகரத்துக்கு ஆட்டோவும் பஸ்ஸும் எளிதில் கிடைக்கும்.

நிலாவெளி இன்னும் வடக்கே, நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். இடையில் சாம்பல்தீவு. நீளமான வெண்மணல் கரை, கூட்டம் குறைவு, புறாமலைக்குப் படகு ஏறும் இடமும் இதுதான். கடல் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் நகரத்துக்குப் போய்வர வேண்டும், மாலையில் விடுதிக்கு வெளியே அதிகம் ஒன்றும் இல்லை.

அறை போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, விடுதி வீதிக்குக் கடல் பக்கமா, எதிர்ப்பக்கமா? நிலாவெளி வீதியின் உட்பக்கம் இருக்கும் இடங்களும் கடற்கரை விடுதி என்றே பெயர் வைத்திருக்கும். இருப்பிடத்தை வரைபடத்தில் அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, அறையின் ஜன்னல் எந்தத் திசை? மேற்குப் பார்த்த அறையில் ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்றின் சூடும் புழுதியும் நேரே உள்ளே வரும். கிழக்குப் பார்த்த அறைக்கு ஆறு மணிக்கெல்லாம் வெயில் வரும், ஆனால் பின்நேரத்தில் நிழல் இருக்கும். மதியம் நீங்கள் அறையில் படுத்திருக்கப் போகிறீர்கள் என்பதால் கிழக்கே மேல். மூன்று, மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் உண்டா? ஏசி இருந்தாலும் கூரை மின்விசிறியும் கொசுவலையும் இருப்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

வந்து சேர்வது

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் கொழும்புக்குள் போகத் தேவையில்லை. விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருப்பதால், அங்கிருந்தே குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக நேரே வரலாம். காரில் ஐந்தரை முதல் ஆறரை மணி நேரம். காலையில் தரையிறங்கும் விமானமாக எடுங்கள், காரணம் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டுப் பாதை. அந்தி சாய்ந்ததும் யானைகள் வீதியைக் கடக்கும். கறுப்பு யானை கறுப்புத் தாரில் விளக்கு வெளிச்சம் விழும்வரை தெரியாது. இருட்டுமுன் அந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் வவுனியா, ஹொரவபொத்தானை வழியாக வரலாம், ஐந்தாறு மணி நேரம். மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைப்படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது 396 மீட்டர் நீளப் பாலத்தில் இரண்டு நிமிடம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் உண்டு. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து விடியும்போது ஊருக்குள் வரும். படுக்கை வசதியும் ஒதுக்கிய இருக்கைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும், எனவே முன்பதிவு திறந்ததும் எடுத்துவிடுங்கள். கடும் மழைக்குப்பின் இந்தப் பாதை சில நாள் மூடப்படுவதும் உண்டு. புறப்படும் வாரத்தில் ஒருமுறை ரயில் ஓடுகிறதா என்று கேளுங்கள். விடியற்காலையில் வந்து இறங்கினால் பெரும்பாலான விடுதிகளில் மதியம்தான் அறை கிடைக்கும். பையை வைத்துவிட்டுக் கடலில் இறங்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவைத்தால் அந்தக் காலை வீணாகாது.

நாளை மூன்றாகப் பிரியுங்கள்

ஐந்து நாளும் ஒரே ஒழுங்குதான்.

விடிந்ததிலிருந்து பத்து மணி வரை கடல். கோடை மாதங்களில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் எழுந்துவிடும். காற்று அப்போது உறங்கிக்கொண்டிருக்கும், நீர் தெளிவாக இருக்கும். படகு, நீச்சல், முகமூடி போட்டு மீன் பார்ப்பது எல்லாம் இந்த நேரத்துக்குள்.

பத்தரை முதல் மூன்றரை வரை நிழல். திருகோணமலை வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அரைமணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். சாப்பாடு, தூக்கம், வாசிப்பு எல்லாம் இப்போது. பிள்ளைகள் அடம்பிடித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள் மதியம் கடலில் ஆடிய பிள்ளை அடுத்த இரண்டு நாளும் சட்டை போட முடியாமல் அறைக்குள் இருக்கும்.

நாலு மணிக்குமேல் கோயில், கோட்டை, சந்தை, டச்சு விரிகுடாவில் காற்று வாங்குவது.

இன்னொரு விதி: கடல் சார்ந்த பெரிய திட்டங்களை முதல் இரண்டு காலைகளில் வையுங்கள். காற்று கூடிப் படகு போகவில்லை என்றால் மூன்றாம், நான்காம் நாள் கையில் இருக்கும். புறாமலையைக் கடைசி நாளுக்கு வைத்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்த தீவு இது. இன்று அதைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள்.

போகும் முறை இப்படி. நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் சீட்டுக் கூடம் இருக்கிறது. ஆறே முக்கால், ஏழு மணிக்கு அங்கே நில்லுங்கள். இலங்கையர் தேசிய அடையாள அட்டையையும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டையும் கொண்டுபோக வேண்டும், இருவருக்கும் கட்டணம் வேறு. கட்டணத்தில் ஆளுக்கு நுழைவு, குழுவுக்கு ஒரு சேவைக்கட்டணம், அதற்குமேல் வரி என்று மூன்று உண்டு. படகு வாடகை இவற்றில் சேராது, அதைப் படகுக்காரருக்குத் தனியே கொடுக்க வேண்டும். விலைப்பலகையில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு இறுதிக் கணக்கில் திகைப்பது இதனால்தான். சேவைக்கட்டணமும் படகும் பங்கிடக் கூடியவை. எனவே இரண்டு பேர் தனியாகப் போவதைவிடக் கூடத்தில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் செலவு நன்றாகக் குறையும். திரும்பும் நேரத்தையும் ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். படகில் பத்து, பதினைந்து நிமிடம்தான்.

உப்புவெளியிலிருந்தும் படகுகள் போகின்றன. பயணம் நீளம், திரும்பும்போது காற்று எழுந்திருந்தால் நனைந்து குலுங்கி வர வேண்டும். வாந்தி வரும் உடம்புக்காரர்கள் ஆட்டோவில் நிலாவெளிக்குப் போய் ஏறுவது மேல்.

தீவில் இறங்கியதும் காலடியில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகளே அதிகம். வெறுங்காலோடு நடந்தால் கிழிக்கும், ரப்பர் செருப்பு நீரில் கழன்று மிதக்கும். குதிகால் பட்டி உள்ள செருப்பு அல்லது நீர்க் காலணி வேண்டும். நிழல் குறைவு, கடை இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொண்டுபோய், வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். எடுக்குமுன் கரையிலேயே பொருத்திப் பாருங்கள். பட்டியைத் தலையில் மாட்டாமல் முகமூடியை மட்டும் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக் கையை விடுங்கள். முகத்தோடு ஒட்டி நின்றால் சரி, நழுவினால் வேறு ஒன்று கேளுங்கள். ஒரு மயிர்க்கற்றை ரப்பர் விளிம்புக்குள் சிக்கினாலே நீர் ஒழுகும். மீசை உள்ளவர்கள் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் தொட்டுத் தேய்த்து ஒருமுறை கடல்நீரில் அலசினால் போதும். நீச்சல் தெரிந்திருந்தாலும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். களைத்தவர்கள் காலூன்றத் தேடுவது பவளத்தின் மேல்தான், அங்கி இருந்தால் மிதந்தபடியே இளைப்பாறலாம்.

பவளம் கல் மாதிரி தெரிந்தாலும் உயிருள்ளது. ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர ஆண்டுகள் பிடிக்கும். கடல் சூடாகும் ஆண்டுகளில் அது வெளுத்துச் சாகிறது, 2016இல் உலகெங்கும் நடந்த பெரும் வெளுப்பு இலங்கைக் கரைகளையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சியிருப்பதைக் காலால் அழிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. துடுப்புப் பாதணியால் பாறையை உதைப்பதும் எழுந்து நிற்பதும் வேண்டாம். முதுகுக்கும் தோளுக்கும் வெயில்களிம்பு பூசுவதைவிட முழுக்கை நீச்சல்சட்டை போடுங்கள். களிம்பு நீரில் கரைந்து பவளத்தில்தான் படியும், சட்டை கரையாது. முழங்காலின் பின்பக்கத்தை எல்லோரும் மறப்பார்கள். குப்புற மிதக்கும்போது முதலில் வேகுவது அந்த இடம்.

கருமுனைச் சுறாக்கள் இங்கே அடிக்கடி தெரியும். முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டதுபோல ஒரு கறுப்பு. ஆழமில்லாத நீரில், மணலும் பாறையும் சந்திக்கும் விளிம்பை ஒட்டி, ஒரே பாதையில் போய்த் திரும்பும். கூச்சம் மிக்க பிராணி. துரத்தினால் போய்விடும், அசையாமல் மிதந்தால் தானே திரும்ப வரும். காலை எட்டு மணிக்குள் நீருக்குள் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் காட்சி. ஒன்பதரைக்கு மேல் வந்திறங்கும் கூட்டத்தின் காலடியில் மணல் கலங்கி, கைநீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

தீவின் முனைகளைச் சுற்றிப் போக ஆசைப்படாதீர்கள். அங்கே நீரோட்டம் வேகமாக இருக்கும், உதவிக்கு ஆளும் இருக்காது.

திமிங்கிலம்

திருகோணமலைக்கு வெளியே கடலடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகே வருகிறது. அதனால்தான் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, நீலத்திமிங்கிலமும் விந்துத்திமிங்கிலமும் இத்தனை பக்கத்தில் வருவதும் அதனால்தான். மே முதல் ஆகஸ்ட் வரை பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆறு மணிக்குள் புறப்படும் படகுகள் சிறியவை, நிழல்விரிப்பு இல்லாதவையும் உண்டு. முதல்நாள் இரவு கனமாகச் சாப்பிடாமல், வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன் போடுங்கள், ஏறியபின் போட்டுப் பயனில்லை. திமிங்கிலத்தின் பாதையை மறித்துக் குறுக்கே படகை விடும் ஓட்டிகளும் உண்டு. "கிட்டப் போக வேண்டாம் அண்ணா, தள்ளி நின்று பார்த்தால் போதும்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். பயணிகள் கேட்காத வரை பழக்கம் மாறாது. எந்தப் படகும் காட்டுவதாக உறுதி தர முடியாது, தருபவரை நம்பவும் வேண்டாம்.

கோணேசர்

நாலரை மணிக்குக் கோட்டை வாசலில் இருங்கள். நண்பகலுக்குப்பின் நடை சாத்தியிருக்கும், திறந்திருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது.

நுழையும் வாசலே பார்க்க வேண்டிய முதல் இடம். பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு இங்கே கோட்டை கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போய், 1803இல் பிரட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. வாசலின் பக்கக் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டு வரிகளும் இருக்கின்றன. பலர் வண்டியிலேயே உள்ளே போய்விடுவதால் இதைக் காண்பதில்லை. வாசலில் இறங்கி நடந்து போங்கள், ஏற்றம் பெரிதில்லை.

உள்ளே புள்ளிமான்கள் திரியும், பக்கத்தில் வந்து கையை மோந்து பார்க்கும். பிஸ்கட்டைப் பொதியோடு போட்டுவிடும் பழக்கத்தால் அவை பிளாஸ்டிக்கைத் தின்கின்றன. ஒன்றும் கொடுக்காமல் பார்த்துவிட்டுப் போவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

மேலே போனால் கடலுக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்கும் சுவாமி மலை. பாடல் பெற்ற ஈழத் தலங்கள் இரண்டில் ஒன்று, சம்பந்தர் பதிகம் பாடிய தலம். 1950இல் ஊருக்குள் கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி இடிந்த கோயிலின் தூண்களைக் கண்டார்கள். புதிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு இராவணன் வெட்டு என்ற பாறைப்பிளவின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால், அந்த நீருக்கடியில் என்ன கிடக்கிறது என்ற நினைவில் நெஞ்சு கனக்கும். காற்று அங்கே பலமாக வீசும். தொப்பியையும் சிறுபிள்ளையின் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வேட்டி அல்லது முழுக்காற்சட்டை, பெண்கள் தோளும் முழங்காலும் மூடும் உடை. வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குக் கூட்டம் அதிகம், பூசையைக் காண்பதற்கு அதுவே நல்ல நாளும்.

கன்னியாவும் அக்கம்பக்கமும்

நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில், அநுராதபுர வீதியிலிருந்து விலகி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு சற்று மாறும். கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். ஆறரை மணிக்குப் போங்கள், மாற்றுடையும் துவாயும் எடுத்துக்கொள்ளுங்கள், சவர்க்காரம் போடாதீர்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்பது ஐதிகம், பிதிர்க்கடன் செய்ய இன்றும் வருகிறார்கள். அப்படிச் சடங்கு செய்பவர்கள் இருந்தால் அவர்கள் முடிக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

அதே காலையில் வெல்கம் விகாரையையும் சேர்த்துக்கொள்ளலாம். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. தமிழில் கொடைகளைப் பொறித்த கல்வெட்டுகள் இங்கே கிடைத்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் தவறவிடக் கூடாத இடம், ஆனால் பயணப் பட்டியல்களில் ஏனோ வருவதில்லை. மாலைக்குத் தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில், போகும் வழியெல்லாம் வயல்.

சீகிரியா, யானைக் கூட்டம்

இவற்றைத் திருகோணமலையிலிருந்து ஒருநாள் பயணமாகப் போய்வரலாம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். முடியும்தான், ஆனால் வேண்டாம். சீகிரியா சுமார் நூறு கிலோமீட்டர், படிகளை வெயில் ஏறுமுன் ஏற வேண்டும். மின்னேரியாக் குளக்கரையில் யானைகள் கூடுவதோ பின்நேரம். இரண்டையும் சேர்த்தால் திரும்பும்போது இருட்டிவிடும், அதே யானைக் காட்டு வீதியில். வரும் வழியிலோ போகும் வழியிலோ ஹபரணையில் ஓர் இரவு தங்கி இரண்டையும் முடித்துவிடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை குளம் வற்றிப் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் வரும். பொலன்னறுவையையும் அந்த இரவோடு சேர்த்தால், முழுக்கக் கல்லில் நிற்கும் சோழர் காலச் சிவன் கோயிலான வானவன்மாதேவி ஈச்சரத்தையும் பார்க்கலாம்.

கடலில் எது எப்படித் தவறும்

கச்சான் காற்று அலையை அடக்கும் என்றோம். அதே காற்று காற்றடைத்த மெத்தையையும் மிதவை வளையத்தையும் கரையிலிருந்து வெளியே இழுத்துப் போகும். கடல் குளம் மாதிரி தெரிவதால் யாரும் பயப்படுவதில்லை. பத்து மணிக்குமேல் பிள்ளையை மிதவையில் விடாதீர்கள். மிதவை போனால் போகட்டும், அதைத் துரத்தி நீந்தாதீர்கள்.

இறக்கக்கண்டி போன்ற முகத்துவாரங்களில் குளிக்க வேண்டாம். களப்பு நீர் கடலுக்கு இறங்கும் நேரத்தில் காலை வாரிவிடும். வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகு திரும்புங்கள்.

காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில், நீரில் இறங்கிய இரண்டு கயிறுகளுக்கும் நடுவே நீந்தக் கூடாது. இழுப்பதில் கைகொடுக்க ஆசை இருந்தால் "ஐயா, நாங்களும் பிடிக்கலாமா?" என்று கேட்டால் போதும், இடம் விடுவார்கள். வலை கரையேறும்போது கீரி, சாளை, பாரைக் குட்டி, நடுவே ஊதிப் பருத்த பேத்தை என்று எல்லாம் துள்ளும். அங்கேயே நல்ல மீன் வாங்கிக்கொள்ளலாம்.

சொறிமீன் பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நன்னீரும் மணல் தேய்ப்பும் கொட்டும் செல்களை இன்னும் வெடிக்கவைக்கும். கடல்முள்ளெலியையோ விஷமீனையோ மிதித்தால், சுடாத அளவுக்குச் சூடான நீரில் காலை அரை மணி நேரத்துக்குமேல் வைத்தால் வலி இறங்கும். மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ தெரிந்தால் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், அது இலவச அம்புலன்ஸ். பொலிஸ் 119.

சில்லறைக் கணக்குகள்

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர், ஜீவனி போன்ற உப்புச்சர்க்கரைப் பொதி ஆளுக்கு இரண்டு. வெயில்களிம்பு ஒரு பெரியவரின் உடம்பு முழுவதற்கும் ஒருமுறைக்கு 30 மில்லிலிட்டராவது வேண்டும். 100 மில்லி டியூப் மூன்று முறையில் தீர்ந்துவிடும், அது ஐந்து நாள் வந்தால் நீங்கள் போதிய அளவு பூசவில்லை என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, ஆனால் டெங்கு உண்டு. அந்தக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் கொசுக்களிம்பைக் காலையிலேயே பூசுங்கள்.

காசை நகரத்து வங்கி இயந்திரங்களில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். படகு, ஆட்டோ, சிறு சாப்பாட்டுக்கடை எல்லாம் ரொக்கம்தான். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் கடைகள் ஜும்மாவுக்காகச் சிறிது நேரம் மூடியிருக்கும். நண்டும் கணவாயும் வாங்கும்போது எடை போட்டபின் விலையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோறு கறி, இரவு கொத்து ரொட்டி, கிடைத்தால் சட்டியில் உறைந்த எருமைத்தயிர். தமிழில் பேசினாலே போதும், கடைக்காரர் தமிழரானால் அண்ணா, முஸ்லிமானால் நானா. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். கடற்படைத் தளங்கள் நிறைந்த இந்த ஊரில் அனுமதியில்லாமல் எடுத்தால் பறிமுதலோடு முடியாது.

கிளம்பும் நாளுக்கு முதல்நாள் மாலையே நீச்சல் உடுப்புகளை நன்னீரில் அலசிக் காயப்போடுங்கள். கச்சான் காற்றில் இரவுக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். காரில் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் கந்தளாய்க் குளக்கட்டில் ஒரு தேநீர் குடித்து, நண்பகலுக்குள் தம்புள்ளையைத் தாண்டிவிடலாம். இரவு ரயிலில் போகிறவர்கள் அறையை மதியம் வரை மட்டும் வைத்திருக்காமல், மாலை குளிக்க இடம் தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.